ஆடியற்பெயரும் இனப்பெயரும்: காற்பந்தாட்டக்காரர் பட்டப்பெயர்கள் குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் பெயரியல், உயர்திணைப் பெயர்களை வகுத்துரைக்கும் இடத்தில் நிலப்பெயர், குடிப்பெயர், குழுவின் பெயர், வினைப்பெயர், உடைப்பெயர், பண்புகொள் பெயர் முதலியவற்றோடு ஆடியற்பெயர் என்னும் வகையையும் சேர்த்து எண்ணுகிறது. இளையோர் தம்முள் கூடி விளையாடும்போது அவ்விளையாட்டுப் பொழுதுக்கெனத் தாமே படைத்துக்கொள்ளும் பெயர் இது என்பது உரையாசிரியர் தரும் விளக்கம். பட்டிபுத்திரர், கங்கைமாத்திரர் என்பன அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள். இலக்கண வகுப்பில் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துசெல்லப்படும் இவ்வகை, இன்றைய விளையாட்டுத் திடல்களில் எழுந்துள்ள ஒரு சிக்கலை ஆராய்வதற்குப் பொருத்தமான கருவியாக அமைகிறது.

காற்பந்தாட்டக்காரர்க்கு இனத்தையும் நிறத்தையும் கொண்டு பட்டப்பெயர் இடும் வழக்கம் போர்த்துக்கீசிய மொழி வழங்கும் நாடுகளில் ஆழ வேரூன்றியது. அது அன்பின் வெளிப்பாடா, இழிவின் எச்சமா என்னும் வினா அண்மைக்காலத்தில் ஐரோப்பிய ஒழுங்குக் குழுக்கள்வரை சென்றுள்ளது. அவ்வழக்கைத் தமிழ் இலக்கண மரபின் வகைப்பாட்டால் நோக்கி, சிங்கப்பூர், மலேசியக் காற்பந்து வரலாற்றோடு ஒப்பிட்டு, இனம் சுட்டும் ஒரு பட்டப்பெயர் எப்போது ஆடியற்பெயராக நிற்கிறது, எப்போது அந்நிலையிலிருந்து வழுவுகிறது என்பதைத் தெளிவுபடுத்த இக்கட்டுரை முற்படுகிறது.

போர்த்துக்கீசிய மொழிச் சூழலில் பெயர்வகைகள்

பிரேசிலில் ஆட்டக்காரர் பட்டப்பெயராலேயே அறியப்படுவது பொதுவழக்கு. அப்பெயர்களைப் பெயரியல் வகைகளுள் எளிதாக அடக்கலாம். ஜூனின்யோ என்னும் ஒரே பெயருடைய இருவரைப் பிறந்த மாநிலத்தால் பிரித்தறிய ஒருவரை ஜூனின்யோ பவுலிஸ்தா என்றும், மற்றவரை ஜூனின்யோ பெர்னாம்புகானோ என்றும் வழங்கினர். ரொனால்டின்யோவுக்குத் தாயகத்தில் காவுச்சோ என்னும் அடைமொழி உண்டு. இவை நிலப்பெயர்கள். 1990 உலகக் கிண்ணத்தில் ஆடிய ரிக்கார்டோ ரொஜேரியோ டி பிரிட்டோ, 'ஜெர்மானியர்' எனப் பொருள்படும் அலெமாவ் என்னும் பெயராலேயே உலகுக்கு அறிமுகமானார். 1954 உலகக் கிண்ண அணியில் இடம்பெற்ற அலுவீசியோ பிரான்சிஸ்கோ ட லூஸ், பழங்குடியினரைச் சுட்டும் இந்தியோ என்னும் பெயரைத் தாங்கினார். இவை குடிப்பெயர்கள்.

நிறத்தைச் சுட்டும் பெயர்கள் பண்புகொள் பெயர்கள். 1938 உலகக் கிண்ணப் போட்டியில் 7 கோல்கள் அடித்து முதலிடம் பெற்ற லியோனிடாஸ் ட சில்வா 'கறுப்பு வைரம்' என்று போற்றப்பட்டார். லாக்டா நிறுவனம் அப்பெயரையே தன் சாக்லேட்டுக்குச் சூட்டியது. மொசாம்பிக்கில் 1942இல் பிறந்து, போர்த்துகல் அணிக்காக 1966 உலகக் கிண்ணத்தில் 9 கோல்கள் அடித்த யூசேபியோ 'கறுஞ்சிறுத்தை' எனப்பட்டார். இரண்டும் புகழ்ப்பெயர்களே என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒன்றை நோக்கல் வேண்டும். வெள்ளை நிற ஆட்டக்காரர் ஒருவரைப் புகழ முற்பட்டோர் 'வெள்ளை வைரம்' என்னும் பெயரைத் தேடிச் செல்லவில்லை. புகழ்ச்சிக்கு நிற அடை தேவைப்பட்டவர் பெரும்பாலும் கறுப்பரே. எந்த நிறம் இயல்பெனக் கருதப்பட்டது, எது சொல்லிக் காட்டவேண்டியதாயிற்று என்பதை இவ்வடைமொழி தன்னையறியாமல் வெளிப்படுத்திவிடுகிறது.

இவ்வேறுபாடு தற்செயலானதன்று. ரியோ டி ஜெனிரோ நகரின் ஃபுளுமினென்ஸ் கழகத்துக்கு 'அரிசிமாவு' எனப் பொருள்படும் பட்டப்பெயர் உண்டு. 1914இல் அதற்கு ஆடிய கார்லோஸ் ஆல்பர்ட்டோ என்னும் கலப்பினத்தவர் முகத்தில் மாவு பூசிக்கொண்டு களமிறங்கினார் என்பதும், எதிரணியினர் அதனைக் கண்டு கூவினர் என்பதும், 1947இல் பிரேசில் காற்பந்தில் கறுப்பர் குறித்து நூல் எழுதிய மாரியோ ஃபில்யோ பதிவுசெய்த கதை. 1923இல் கறுப்பரையும் தொழிலாளரையும் கொண்ட அணியால் ரியோ வெற்றியாளரான வாஸ்கோ ட காமா கழகத்திடம், 12 ஆட்டக்காரர்களை நீக்கினால்தான் புதிய சங்கத்தில் இடம் என அடுத்த ஆண்டு கூறப்பட்டது. கழகம் அதனை மடலெழுதி மறுத்தது. அன்பு நிறைந்த பட்டப்பெயர்கள் பிறந்த அதே திடல்களில்தான் இவையும் நிகழ்ந்தன. எனவே பெயரின் இனிமையை மட்டும் சான்றாகக் கொண்டு அச்சமுதாயம் நிறபேதம் அற்றது என முடிவுகட்டுதல் பொருந்தாது.

குழூஉக்குறி குழுவைக் கடக்கும்போது

நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூவகைப்படுத்துகிறார். கறுத்த ஆட்டை வெள்ளாடு என்பது மங்கலத்துக்கு உரையாளர் காட்டும் எடுத்துக்காட்டு. நிறத்தைச் சொல்லத் தயங்கி வேறொன்றால் சொல்லும் மனநிலை நமக்குப் புதிதன்று என்பதற்கு அதுவே சான்று. இங்கு நமக்கு இன்றியமையாதது குழூஉக்குறி. ஒரு குழுவினர் தமக்குள் ஒரு பொருளைக் குறிக்க வழங்கும் சொல், அக்குழுவுக்கு வெளியே அப்பொருளைத் தருவதில்லை.

போர்த்துக்கீசிய மொழியில் 'நெகீன்யோ', அண்டை நாடான உருகுவேயின் ஸ்பானிய மொழியில் 'நெக்ரித்தோ' ஆகிய சிறுமைவிகுதிச் சொற்கள் நண்பருக்குள் அன்பு விளியாக வழங்குவன. மான்செஸ்டர் யுனைடெட் அணிக்கு ஆடிய எடின்சன் கவானி 2020 நவம்பரில் தம் நண்பர் ஒருவருக்குச் சமூக ஊடகத்தில் இச்சொல்லால் நன்றி கூறினார். இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் அவருக்கு மூன்று ஆட்டத் தடையும் 1,00,000 பவுண்டு அபராதமும் விதித்தது. உருகுவேயின் மொழிக் கழகம் அத்தீர்ப்பைக் கண்டித்தது. அதற்கு முந்தைய ஆண்டில், போர்த்துகல் நாட்டவரான பெர்னார்டோ சில்வா தம் அணித்தோழர் பெஞ்சமின் மெண்டியின் சிறுவயதுப் படத்தை ஒரு மிட்டாய்ப் பொட்டலத்தின் கறுப்பு உருவத்தோடு ஒப்பிட்டுப் பகிர்ந்தார். மெண்டி தாம் புண்படவில்லை என ஆதரவுக் கடிதம் அளித்தும், சில்வாவுக்கு ஓர் ஆட்டத் தடையும் 50,000 பவுண்டு அபராதமும் கிட்டின.

இவ்விரண்டையும் ஒரே தன்மையனவாகக் கருதுவோர் உளர். அவை வேறுபட்டவை என்பதே இக்கட்டுரையின் கருத்து. கவானி கையாண்டது ஒரு மொழிக்குழுவின் நிலைபெற்ற விளி. அது பொதுவெளியில் தன் குழுவைக் கடந்து பிறர் செவியில் விழுந்ததே சிக்கல். சில்வா கையாண்டதோ விளி அன்று. கறுப்பு உடலை நகைப்புருவாக்கிய ஒரு வணிகச் சின்னத்தோடு செய்த உவமை. அச்சின்னம் அவ்விருவரின் நட்புக்குள் பிறந்ததன்று. மெண்டியின் இசைவு சில்வாவின் உள்ளக்கிடக்கையைத் தெளிவாக்கலாம். அச்சின்னத்தின் வரலாற்றை அதனால் அழிக்க இயலாது.

பிரேசிலின் கிராஃபித்தே என்பாரின் நிகழ்வும் ஒப்புநோக்கத்தக்கது. பென்சிலின் கருமுனைப் பொருளைக் குறிக்கும் அப்பெயரை அவர் தம் ஆட்டப்பெயராகவே ஏற்று விளையாடினார். 2005 ஏப்ரலில் சாவ் பாவுலோவில் நடந்த ஆட்டத்தில் அவரை இனவழியாக இழித்துரைத்தார் என்னும் குற்றச்சாட்டில் அர்ஜென்டினாவின் லியாண்ட்ரோ டெசாபாட்டோ திடலிலேயே கைதானார். கரிய பொருளின் பெயரை ஏற்றுக்கொண்டவர் இழிசொல்லை ஏற்க வேண்டும் என்பதில்லை. ஒரு பெயருக்கு இசைதல் எல்லாப் பெயருக்கும் இசைதல் ஆகாது. பிரேசில் 2023இல் இயற்றிய சட்டம் இனவழி இழித்துரைத்தலை இனவாதக் குற்றத்தோடு ஒருநிலைப்படுத்தியதும் இங்கு நினைக்கத்தக்கது.

சிங்கப்பூர், மலேசியத் திடல்கள்

சிங்கப்பூரில் இனம் ஆட்டக்காரரின் பட்டப்பெயரில் தோன்றுவதற்கு முன்பே கழகத்தின் பெயரில் தோன்றிவிட்டது. பாடாங் திடலின் ஒருபுறம் ஐரோப்பியரின் சிங்கப்பூர் கிரிக்கெட் கிளப், மறுபுறம் யுரேசியரின் சிங்கப்பூர் ரிக்ரியேஷன் கிளப். பாலஸ்டியர் சாலையை ஒட்டி 1923இல் தோன்றிய சிங்கப்பூர் இந்தியர் சங்கம், சிலோன் ஸ்போர்ட்ஸ் கிளப், சீக்கியரின் கால்சா சங்கம் ஆகியன அடுத்தடுத்து அமைந்தன. லிட்டில் இந்தியாவுக்கு அருகே 1929 டிசம்பரில் திறக்கப்பட்ட ஜாலான் புசார் விளையாட்டரங்கமும், சிராங்கூன் சாலையை அடுத்த ஃபேரர் பார்க் திடலும் இவ்வேலிகள் தளர்ந்து எல்லா இனத்தவரும் கலந்து ஆடிய இடங்களாயின. அங்கே பிறந்த பட்டப்பெயர்கள் ஆய்வுக்குரியவை.

டோலா காசிம் 'கெலெக் மன்னர்' எனப்பட்டார். இடுப்பசைத்து ஆடும் கூத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல் கெலெக். அவர் பந்தைக் கடத்திச் செல்லும் பாங்குக்கு அது பொருந்தியது. மலாயாவின் கனி மின்ஹாட் 'ராஜா போலா', அதாவது பந்தாட்ட மன்னர். 1977இல் சிங்கப்பூர் மலேசியக் கிண்ணத்தை வென்றபோது பயிற்றுநராக இருந்த சூ செங் குவீ 'அங்கிள் சூ'. மலேசிய அணித்தலைவர் சோ சின் ஆன் 'தவுக்கே'. தமிழர்களை நோக்கினால், 1970களில் சிங்கப்பூருக்கு ஆடிய எஸ். ராஜகோபால் 'கேமல்' எனவும், நீண்ட கைகளையுடைய மலேசியக் கோல்காவலர் ஆர். ஆறுமுகம் 'ஸ்பைடர்மேன்' எனவும், பின்னாளில் தேசியப் பயிற்றுநராகவும் விளங்கிய வி. சுந்தரமூர்த்தி 'டேஸ்லர்' எனவும் அழைக்கப்பட்டனர்.

இப்பட்டியல் சிறியது. எண்ணிக்கையால் ஒரு முடிவை நிறுவ இது போதாது. எனினும் இதனுள் இரு செய்திகள் புலப்படுகின்றன. முதலாவது, வெளிப்படையாக இனம் சுட்டும் பெயர் இதில் அரிது. தவுக்கே என்பது ஒன்றே அதனை நெருங்குகிறது. முதலாளியைக் குறிக்கும் அந்த ஹொக்கியன் சொல், சீனரை வணிகராகக் காணும் பொதுப்பார்வையைத் தன்னுள் கொண்டது. ஆயினும் களத்தில் ஆணையிடும் தலைவர்க்கு அது பெருமையாகவே பொருந்தியது. அதே முறையில், தமிழரைப் பற்றிய பொதுப்பார்வையிலிருந்து ஒரு தமிழ்த் தலைவர்க்குப் பெயர் எடுத்திருப்பின் என்னவாகியிருக்கும்? தோட்டத்துப் பால்மரத்தொழிலாளி, துறைமுகக் கூலி, சாலைப் பணியாளர் ஆகிய உருவங்களே அன்று கைக்கெட்டும் நிலையில் இருந்தன. இனப்பெயர் எல்லா இனத்துக்கும் ஒரே எடையில் விழுவதில்லை. வரலாறு ஓர் இனத்துக்குத் தந்த இடத்தைப் பொறுத்தே அதன் எடை அமைகிறது. அலெமாவ் என்னும் பெயர் எவரையும் புண்படுத்தாமைக்கும் இதுவே காரணம்.

இரண்டாவது செய்தி மொழி பற்றியது. இப்பட்டியலில் மலாய் ஆட்டக்காரர் பெயர்களில் மலாய்ச் சொல் உண்டு. சீன ஆட்டக்காரர் ஒருவர் பெயரில் ஹொக்கியன் சொல் உண்டு. தமிழ் ஆட்டக்காரர் மூவர் பெயரும் ஆங்கிலம். அரங்கில் சிராங்கூன் சாலைத் தமிழர் திரளாக அமர்ந்து கூவியிருப்பினும், அவர்கள் நாவில் பிறந்த தமிழ்ப் பட்டப்பெயர் எதுவும் பொதுவழக்கில் நிலைபெறவில்லை. பெருந்தலைச் சாத்தனார், முடமோசியார் என உடலைக் கொண்டும், தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் என வினையைக் கொண்டும் தன் மக்களுக்குப் பெயர் வகுத்த மொழி, இத்திடலில் தன் வீரருக்குப் பெயரிடும் வாய்ப்பைப் பெறவில்லை. பெயரிடும் உரிமை யாரிடம் இருந்தது என்பதை இவ்வின்மை காட்டுகிறது.

பிற்காலத்தில் இனம் மீண்டும் அணியின் பெயருக்கே திரும்பியது. 1996இல் தொடங்கிய எஸ்-லீக்கில் சீன ஆட்டக்காரரைக் கொண்ட சிஞ்சி, 2006இல் ஓர் ஆண்டு மட்டும் ஆடிய ஸ்போர்ட்டிங் அஃப்ரீக், 2010, 2011ஆம் ஆண்டுகளில் ஆடிய பிரெஞ்சு அணியான எத்துவால் ஆகியன பங்கேற்றன. மறுபுறம், பிரேசிலில் பிறந்த எக்மார் கொன்சால்வெஸ் போன்றோர் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுத் தேசிய அணியில் ஆடினர். நாட்டின் அணியில் பிறப்பிடத்தைக் கடக்க முடிந்த அதே காலத்தில், லீக் போட்டியில் ஒரு கண்டமே ஓர் அணிக்குப் பெயராயிற்று.

முறைப்பெயர் இனப்பெயரான கதை

சிங்கப்பூரில் இன அடைமொழிகள் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில் அரிதாகத் தோன்றினும், திடலிலும் தெருவிலும் அரிதல்ல. அவற்றுள் தமிழரைச் சுட்டும் இரண்டின் தோற்றம் நம் மொழியிலேயே உள்ளது. 'மாமா' என்னும் முறைப்பெயர், தமிழ் முஸ்லிம் கடைக்காரரை அழைக்கும் விளியாகி, மாமாக் என இனப்பெயராக மலாயில் நிலைத்தது. அடுக்குமாடிக் கட்டடங்களின் கீழ்த்தளத்திலிருக்கும் சிறுகடை இன்றும் மாமா கடைதான். மற்றொன்று 'ஆ நே'. தமிழர் ஒருவரையொருவர் 'அண்ணே' என விளிப்பதைக் கேட்ட பிறர், அவ்விளியையே அவ்வினத்தின் பெயராக்கினர். மாமாக் பெரும்பாலும் இயல்பான வழக்காக நிற்கிறது. 'ஆ நே' பல வாய்களில் இழிவுக்குறிப்புப் பெற்றுவிட்டது.

இங்கு நிகழ்ந்ததை இலக்கண மொழியில் கூறுவதாயின், முறைப்பெயர் குடிப்பெயராகத் திரிந்தது எனலாம். அண்ணே என்பது இருவரிடையே உறவை நிறுவும் சொல். அழைப்பவர் தம்பியாகித் தம்மைத் தாழ்த்திக்கொள்கிறார். 'ஆ நே' என்பதில் அழைப்பவர் எவ்வுறவையும் ஏற்பதில்லை. ஒலி எஞ்சியது, உறவு நீங்கியது. கலிங்கத்தோடு தொடர்புபடுத்தப்படும் 'கிளிங்' என்னும் சொல்லின் வரலாறும் இதற்கு இணையானது. மலாக்காவிலும் பினாங்கிலும் பள்ளிவாசல்களின் பெயரில் மதிப்போடு நிற்கும் அச்சொல், பேச்சில் வசையாகத் தேய்ந்தது. சிங்கப்பூரில் 1920களின் தொடக்கத்திலேயே கிளிங் தெரு, சூலியா தெரு எனப் பெயர் மாற்றம் பெற்றது.

தமிழர் பிறர்க்கு இட்ட பெயர்கள்

பிறர் நமக்கிட்ட பெயரை மட்டும் எடைபோட்டு நிறுத்துவது நேர்மையான திறனாய்வாகாது. போர்த்துக்கீசியருக்குத் தமிழர் இட்ட பெயர் பறங்கியர். பாரசீக, அரபு வழக்குகளின் வழியே வந்த அச்சொல் பறங்கிமலையிலும் பறங்கிக்காயிலும் இன்றும் வாழ்கிறது. ஆப்பிரிக்கரைக் குறித்த காப்பிரி என்னும் சொல் அரபு மூலத்திலிருந்து போர்த்துக்கீசியர் வாயிலாக நம்மிடம் வந்தது. போர்த்துக்கீசியர் காலம் முதல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்கள் புத்தளத்துக்கு அருகே இன்றும் வாழ்கின்றனர். யுரேசியரைச் 'சட்டைக்காரர்' என்றோம். பிரேசில் திடலின் நிறப்பெயர்களைக் கண்டு வியக்கும் தமிழர், அம்மொழியோடு சேர்ந்தே ஓர் இனப்பெயரைக் கடன்வாங்கியவர் என்பதை மறத்தலாகாது.

நிறப்பெயரும் நமக்கு அயலன்று. பண்புகொள் பெயருக்கு உரையாசிரியர் தரும் எடுத்துக்காட்டே கரியான், செய்யான் என்பன. கறுப்பன் எனக் குலதெய்வத்தை வணங்குகிறோம். கறுப்பி எனப் பேத்தியைக் கொஞ்சுகிறோம். அதே கறுப்பு மணப்பெண் தேடும்போது குறையாகிறது. சொல் ஒன்றே. அதனைச் சொல்லும் இடமும், சொல்பவர்க்கும் கேட்பவர்க்கும் உள்ள உறவுமே வேறு. இவ்வனுபவம் உடைய நமக்கு, பிரேசிலியர் கூறும் அன்பு வாதத்தை முற்றாகப் பொய்யெனத் தள்ளவும் இயலாது. முற்றாக மெய்யென ஏற்கவும் இயலாது.

முடிவுரை

ஆடியற்பெயர் பற்றிய உரைவிளக்கத்தில் மூன்று கூறுகள் அடங்கியுள்ளன. அப்பெயர் ஆடுவோர் தாமே படைத்தது, கூடியிருப்போர்க்குள் வழங்குவது, ஆடும் பொழுதோடு முடிவது. இம்மூன்றையும் அளவுகோலாகக் கொண்டால் மேற்கண்ட நிகழ்வுகள் தெளிவடைகின்றன. கிராஃபித்தே, தவுக்கே ஆகிய பெயர்கள் ஆடுவோர் சூழலில் நிலைத்து, உரியவரால் ஏற்கப்பட்டவை. கவானியின் சொல் இரண்டாவது கூறில் வழுவியது. சில்வாவின் உவமை முதல் கூறிலேயே வழுவியது. 'ஆ நே' மூன்றிலும் வழுவியது. அதனைத் தமிழர் தமக்கென அமைத்துக்கொள்ளவில்லை, அது உறவுக்குள் அடங்கவில்லை, ஆட்டம் முடிந்தபின்னும் தொடர்கிறது.

சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2025 பிப்ரவரியில் இன நல்லிணக்கத்தைப் பேணுவதற்கான தனிச்சட்டத்தை நிறைவேற்றியது. சட்டம் பகையைத் தடுக்கலாம். பள்ளி அணியில் ஒரே தமிழ் மாணவனாக நிற்பவன் தனக்கு இடப்பட்ட பெயருக்குச் சிரிக்கும்போது, அச்சிரிப்பு இசைவா, அணியில் தன் இடத்தைக் காத்துக்கொள்ளச் செலுத்தும் விலையா என்பதைச் சட்டத்தால் அறிய இயலாது. அதனை அறியும் நிலையிலிருப்பவர் ஆசிரியர். அப்பெயரை அவன் வேண்டாமெனக் கூறினால் அணி அதனைக் கைவிடுமா என்பதே அவர் எழுப்பவேண்டிய வினா. மறுக்க இயலாத இடத்தில் இசைவு என்பதற்குப் பொருளில்லை.

இவ்வினாவை எழுப்புவதற்குத் தமிழாசிரியர் அயலிலிருந்து கோட்பாடு தேடவேண்டியதில்லை. பெயரியல் பாடத்தை நடத்தும்போது ஆடியற்பெயரில் சற்றுக் கூடுதலாக நின்று, மாணவர் தம் அணிகளில் வழங்கும் பெயர்களை இவ்வகைகளுள் பொருத்திப் பார்க்கச் செய்தால் போதும். எது குடிப்பெயர், எது பண்புகொள் பெயர், எது தாமே படைத்தது, எது தம்மீது சுமத்தப்பட்டது என்பதை அவர்களே பிரித்தறிவர். கேமல், ஸ்பைடர்மேன், டேஸ்லர் ஆகியோருக்குப் பின் வரும் தமிழ் ஆட்டக்காரர்க்குத் தமிழில் ஒரு பெயர் அமையுமாயின், அது அவ்வகுப்பறையிலிருந்து புறப்படுதலும் கூடும்.